பாடும் மாட்டு வண்டி

மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிக்கா நாட்டில், 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, மலைநாட்டில் விளைந்த காப்பிக்கொட்டையைப் பசிபிக் கடற்கரைத் துறைமுகமான புன்டாரெனாசுக்குக் கொண்டு சேர்த்தவை மாட்டு வண்டிகளே. ஒரு நடைக்கு 10 முதல் 15 நாட்கள் பிடித்தன. ஆரக்கால்களுக்கிடையே சேறு அப்பிக்கொள்ளும் என்பதால், ஆரமில்லாத முழுச் சக்கரமே பூட்டினர்.

வண்டி குலுங்கும்போது சக்கரக் குடத்தில் இரும்பு வளையம் மோதி மணிபோல் ஒலிக்கும். வண்டிக்கு வண்டி ஒலி வேறு. அதை வண்டியின் 'பாட்டு' என்பர். நள்ளிரவில் வண்டிச் சத்தம் கேட்கும், மாடு மட்டும் இராது என்ற பேய்க்கதையும் அங்கு உண்டு.

பின்னர் ரயிலும் லாரியும் வந்தன. வண்டிக்கு வேலை போயிற்று. 1988ல் அரசு அதை உழைப்பின் தேசியச் சின்னமாக்கியது. 2005ல் யுனெஸ்கோ சிறப்பித்தது. ஆயினும் வண்டி செய்யும் தச்சர்கள் குறைந்து வருகின்றனர். இளைஞர்கள் தொழில் பழகினால்தான் அந்தப் பாட்டு நிலைக்கும்.