கடற்பயணம் கரையிலேயே தொடங்குகிறது

2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், சென்னையின் நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் ஆகியோர் பாய்மரப் படகுப் போட்டிகளில் களம் கண்டனர். நேத்ரா செலுத்திய லேசர் ரேடியல் படகில் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் கிடையாது; மற்ற இருவரின் ஃபார்ட்டிநைனர் படகில் உண்டு. கம்பி கட்டிய படகின் பாதித் திறன் கரையிலேயே தீர்மானமாகிறது என்பேன்.

டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் சிறு படகுகள் பலவும் இவ்வகையே. முன்னால் ஒரு கம்பியும் பக்கத்துக்கு ஒன்றாக இரு கம்பிகளும் மரத்தை நிறுத்துகின்றன. மரம் நடுவில் நிற்கிறதா என்றறிய, பாயேற்றும் கயிற்றில் அளவுநாடாவைக் கட்டி உச்சிக்கு ஏற்றி, இருபுற விளிம்புகளிலும் நேரெதிர்ப் புள்ளிகள்வரை அளக்க வேண்டும். அளவுகள் சமமாகும்வரை பக்கக் கம்பிகளின் திருகுகளைச் சரிசெய்ய வேண்டும். மரம் பின்னோக்கி அதிகம் சாய்ந்தால், படகின் முகம் காற்றை நோக்கியே திரும்பும். சுக்கானோடு மல்லாட நேரும். இறுதிச் சோதனை நீரில்: காற்றுக்கு மறுபுறக் கம்பி சற்றே தளரலாம், தொய்ந்து ஆடலாகாது.

இவை அனைத்துக்கும் முந்தையது உயிர்க்காப்பு. உழவர்கரைத் தெருக்களில் தலைக்குமேல் மின்கம்பிகள் செல்கின்றன. அலுமினிய மரம் அவற்றைத் தொட்டால் உயிர் போகும். எனவே மரத்தைப் படுக்கவைத்தே காலாப்பட்டுக் கடற்கரைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மேலே கம்பியற்ற திறந்தவெளியில்தான் நிமிர்த்த வேண்டும். புதுச்சேரியில் பாய்மரப் பயிற்சி வளர வேண்டுமென விரும்புபவன் நான். படகு இறக்கும் இடங்களில் மின்கம்பிகளைப் புதைவடமாக்குவதே அதற்கான அரசின் முதல் முதலீடாக அமையட்டும்.