பழைய பிக்கப் வேனில் ரேடியோ மாற்றும் முறை

வானொலிக்கும் விவசாயத்திற்கும் உள்ள உறவு நெடுநாளையது. 1960-களின் நடுவில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் பரவியபோது, திருச்சி வானொலி மூலம் அதைப் பற்றி அறிந்துகொண்ட விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்து விட்டனர். அன்று திண்ணையிலும் வரப்பிலும் ஒலித்த ரேடியோ, இன்று காய்கறியும் பூவும் ஏற்றிச் செல்லும் பிக்கப் வேனிலும் ஒலிக்கிறது. மழை, புயல் அறிவிப்புகளையும் வேளாண்மைச் செய்திகளையும் வழியிலேயே கேட்டுக்கொள்ள அது உதவுகிறது.

பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய வண்டிகளில் கம்பெனி பொருத்திக் கொடுத்த ரேடியோ பழுதடைவது இயல்பே. புதிய செட் வாங்கி மாற்றுவது கடினமான வேலை அன்று. ஆனால் பலரும் செட்டின் விலையைப் பார்க்கும் அளவுக்கு ஒயர் இணைப்பைப் பார்ப்பதில்லை. தவறாக இணைத்த ரேடியோ இரவோடு இரவாகப் பேட்டரியைக் காலி செய்துவிடும். விடியற்காலை இரண்டு மணிக்குச் சரக்கு ஏற்றிய வண்டி கிளம்பாமல் நின்றால், அன்றைய சந்தை விலை போய்விடும். பியூஸ் இல்லாத ஒயர் உரசினால் வண்டியே தீப்பற்றவும் கூடும். ஆகவே கீழ்க்கண்ட முறைகளைக் கவனித்துச் செய்தல் வேண்டும்.

மாற்றுவது அவசியமா?

ரேடியோ பாடவில்லை என்றவுடன் புதியது வாங்கிவிடக் கூடாது. முதலில் பியூஸைப் பார்க்க வேண்டும். வண்டியின் பியூஸ் பெட்டியில் ஒன்றும், செட்டின் பின்புறம் ஒன்றும் இருக்கும். பியூஸ் சரியாக இருந்து, விளக்கு எரிந்தும் ஒலி வராவிட்டால் ஸ்பீக்கர் ஒயர் அறுந்திருக்கலாம். இரைச்சல் மட்டும் வந்து நிலையம் கிடைக்காவிட்டால் ஏரியல் இணைப்பு கழன்றிருக்கலாம். வைக்கோல் போருக்கு அருகில் நிறுத்தும் வண்டிகளில் எலி ஒயரைக் கடித்திருப்பதும் உண்டு. இவை யாவும் சிறு செலவில் சரி செய்யக்கூடியவை.

செட்டைத் தேர்ந்தெடுத்தல்

புதிய செட் வாங்குமுன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது வோல்ட். கார் ரேடியோக்கள் 12 வோல்ட்டில் இயங்குபவை. சிறிய பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றே இருக்கும். பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அதில் 12 வோல்ட் செட்டை நேராக இணைத்தால் உடனே கருகிவிடும். இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் வழக்கமும் தவறானது. ஒரு பேட்டரி குறைந்தும் மற்றது மிகுந்தும் சார்ஜ் ஆகி, இரண்டுமே விரைவில் கெடும். அத்தகைய வண்டிகளுக்கு 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் தேவை.

இரண்டாவது அளவு. பெரும்பாலான செட்டுகளின் முகப்பு 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. இதற்கு டாஷ்போர்டில் 182-க்கு 53 மில்லிமீட்டர் துவாரம் வேண்டும். இருமடங்கு உயரமுள்ள செட்டுகளும் உள்ளன. மிகப் பழைய வண்டிகளில் இரண்டு குமிழ்களுக்கு மட்டும் துளை இருக்கும். அங்கே டாஷ்போர்டை வெட்டாமல், அடியில் தனிப் பெட்டி வைத்துப் பொருத்துவது நன்று.

மூன்றாவது அலைவரிசை. விலை மலிவான பல செட்டுகளில் எப்.எம். மட்டுமே உண்டு, மத்திய அலை இராது. தம் பகுதியில் வேளாண் நிகழ்ச்சி எந்த அலைவரிசையில் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டு, கடையிலேயே அதைக் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் செட்டிலும் கவனம் தேவை. இந்தியாவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. அமெரிக்காவுக்கென அமைத்த செட் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நகரும். 936 கிலோஹெர்ட்ஸில் உள்ள நிலையத்தைத் தேடினால் அது 930-இலோ 940-இலோதான் நிற்கும். இடைவெளியை மாற்றும் வசதி உள்ள செட்டாக இருந்தால் தொல்லை இல்லை.

அட்டைப் பெட்டியில் '4 x 50 வாட்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். 10 ஆம்பியர் பியூஸ் உள்ள செட் 12 வோல்ட்டில் எடுக்கக்கூடிய மொத்தச் சக்தியே 120 வாட்தான். அது தொடர்ந்து 200 வாட் கொடுப்பது எப்படி?

பழைய செட்டைக் கழற்றுதல்

வேலை தொடங்குமுன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவ் முனையை முதலில் கழற்றினால், ஸ்பானர் தவறி வண்டியின் இரும்பில் பட்டு தீப்பொறி பறக்கும். வேலை முடிந்து மாட்டும்போது நெகட்டிவ் முனையைக் கடைசியாக மாட்ட வேண்டும்.

முகப்பின் இருபுறமும் சிறு துளைகள் உள்ள செட்டுகளை, அதற்கென உள்ள கம்பிச் சாவிகளைச் செருகி இழுத்தால் வெளியே வரும். குமிழ் உள்ள பழைய செட்டுகளில் குமிழை இழுத்தெடுத்து, அதன் பின்னுள்ள நட்டுகளைக் கழற்ற வேண்டும். பின்புறத்தில் தாங்கு பட்டை இருந்தால் அதையும் விடுவிக்க வேண்டும். பலவந்தமாக இழுத்தால் ஒயர் அறும்.

வண்டியின் ஒயர்கள் சேரும் பிளக்கை வெட்டி எறிவது பெருந்தவறு. அந்த பிளக்குக்கு ஏற்ற இணைப்பு ஒயர்த் தொகுப்பு கடைகளில் கிடைக்கும். அதை வாங்கி இடையில் சேர்த்தால், வண்டியின் ஒயர்கள் எப்போதும் போல் இருக்கும்.

எந்த ஒயர் எதற்கு?

புதிய செட்டுகளில் பொதுவாக உள்ள நிறங்கள் வருமாறு:

மஞ்சள் - எப்போதும் மின்சாரம் வரும் ஒயர்; கடிகாரம், நிலைய நினைவுக்கு உதவுவது.

சிவப்பு - சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரவேண்டிய ஒயர்.

கறுப்பு - எர்த்.

ஆரஞ்சு - முகப்பு வெளிச்சத்திற்கு.

நீலம் - மின் ஏரியல் அல்லது ஆம்ப்ளிபயருக்கு; தேவையில்லாதபோது முனையை மூடிவிட வேண்டும்.

வெள்ளை, சாம்பல் - முன்பக்க இடது, வலது ஸ்பீக்கர்கள்.

பச்சை, ஊதா - பின்பக்க இடது, வலது ஸ்பீக்கர்கள். இவற்றில் கறுப்புக் கோடு உள்ளது நெகட்டிவ்.

ஆனால் வண்டியின் பக்கமுள்ள நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்பிச் சேர்க்காமல், டெஸ்ட் பல்பு கொண்டு சோதித்தறிய வேண்டும். செட்டைக் கழற்றிய பின், முனைகள் ஒன்றோடொன்று படாமல் பிரித்துவைத்து, பேட்டரியைச் சிறிது நேரம் இணைக்கவும். பல்பின் ஒரு முனையை வண்டியின் இரும்பில் வைத்து, மறுமுனையால் ஒவ்வோர் ஒயரையும் தொட்டுப் பார்க்கவும். சாவி இல்லாமலே எரிந்தால் அது மஞ்சளுக்குரியது. சாவி போட்டால் மட்டும் எரிந்தால் சிவப்புக்குரியது. ஹெட்லைட் சுவிட்சைப் போடும்போது மட்டும் எரிந்தால் ஆரஞ்சுக்குரியது. தெரிந்துகொண்ட பின் மீண்டும் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒயர்களைச் சேர்க்க வேண்டும்.

பேட்டரி காலியாவது ஏன்?

வேலையைச் சுருக்க மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிப் பேட்டரியில் இணைப்பது பரவலாகக் காணப்படும் தவறு. நினைவுக்கு மட்டும் செட் எடுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். 5 மில்லிஆம்பியர் எடுத்தால் ஒரு மாதத்திற்கு 3.6 ஆம்பியர்-மணிதான். ஆனால் செட்டை நிறுத்த மறந்து, அது 1 ஆம்பியர் எடுத்துக்கொண்டே இருந்தால், ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து 24 ஆம்பியர்-மணி போய்விடும். வயதான பேட்டரி அதன்பின் வண்டியைக் கிளப்பாது. சாவியை எடுத்தவுடன் செட் தானே நின்றால் இந்தத் தொல்லை வராது. சாவியை எடுத்த பின்னும் ரேடியோ பாடினால் இணைப்பு தவறு என்று அறியலாம். மாறாக, ஒவ்வொரு முறையும் நிலையங்களை மறந்துவிட்டால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும், அல்லது மஞ்சளில் மின்சாரம் இராது.

பேட்டரியிலிருந்து புதிய ஒயர் இழுக்க நேர்ந்தால், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸை ரேடியோவின் அருகில் மட்டும் வைத்தால், இடைப்பட்ட ஒயர் உரசித் தேயும்போது அதைக் காக்க ஒன்றுமில்லை. பியூஸ் போனால் வெள்ளிக் காகிதமோ கம்பியோ சுற்றி ஓட்டக் கூடாது. செட்டில் குறித்த அளவு பியூஸே போடவேண்டும்.

பழைய ஸ்பீக்கர்களில் உள்ள ஆபத்து

மிகப் பழைய வண்டிகளில் ஸ்பீக்கரின் ஒரு முனையை வண்டியின் இரும்போடு சேர்த்திருப்பார்கள். அக்காலச் செட்டுகளுக்கு அது பொருந்தியது. இக்காலச் செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களிலும் மின்சாரம் இருக்கும். எதுவும் இரும்பைத் தொடலாகாது. தொட்டால் புதிய செட்டின் உள்ளுறுப்பு போய்விடும். எனவே ஸ்பீக்கர் ஒயர்களுக்கும் வண்டியின் இரும்புக்கும் இடையே தொடர்பு உள்ளதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். இருந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் செட்டிலிருந்து இரண்டு தனி ஒயர்கள் இழுக்க வேண்டும்.

ஸ்பீக்கரின் பாசிட்டிவ் முனையைக் கண்டறிய டார்ச் செல் ஒன்று போதும். செட்டோடு சேர்க்குமுன், செல்லின் இரு முனைகளிலிருந்தும் ஸ்பீக்கருக்கு ஒரு கணம் தொட்டு எடுத்தால் அதன் காகிதக் கூம்பு அசையும். வெளிப்புறமாக அசைந்தால் செல்லின் பாசிட்டிவ் தொட்ட முனையே ஸ்பீக்கரின் பாசிட்டிவ். எல்லா ஸ்பீக்கர்களையும் ஒரே விதமாக இணைத்தால்தான் ஒலி கனமாக வரும்.

எர்த்தும் ஏரியலும்

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஙொய்' என்ற ஓசை கேட்டால், ஆல்டர்னேட்டரின் ஓசை கலக்கிறது என்று பொருள். பெரும்பாலும் எர்த் சரியில்லாததே காரணம். பெயிண்டையும் துருவையும் சுரண்டி, இரும்பு பளபளப்பாகத் தெரிந்த இடத்தில் கறுப்பு ஒயரை ஸ்க்ரூ வைத்து இறுக்க வேண்டும். ஏரியலின் அடிப்பாகமும் அவ்வாறே இரும்பைத் தொட வேண்டும். எப்.எம். நிலையங்களுக்குச் சுமார் 75 சென்டிமீட்டர் நீளமுள்ள ஏரியல் ஏற்றது. கண்ணாடியில் ஒட்டும் சிறு ஏரியலைவிட வெளியே நிற்கும் கம்பி ஏரியல் கிராமப்புறத்தில் நன்கு வேலை செய்யும்.

பொருத்தி முடித்தல்

ஒயர்களை முறுக்கி டேப் சுற்றுவது போதாது. வெயிலில் நிற்கும் வண்டியில் டேப்பின் பசை இளகி, சில மாதங்களில் பிரிந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து உறை மாட்டலாம், அல்லது அழுத்தி இறுக்கும் இணைப்பிகளைப் பயன்படுத்தலாம். ஒயர்களை ஒன்றாகக் கட்டி, ஸ்டியரிங் கம்பியிலோ பெடலிலோ படாமல் வைக்க வேண்டும். மண்பாதையில் குலுங்கும் வண்டியில் செட்டின் பின்புறத்திற்கும் தாங்கு பட்டை அவசியம். செட்டைத் தள்ளி அடைக்குமுன் வெளியிலேயே ஓடவிட்டுச் சோதிப்பது நன்று.

மீட்டரும் டெஸ்ட் பல்பும் கையாளத் தெரியாதவர்கள், நம்பகமான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுக்கலாம். அப்போதும் அருகில் இருந்து, பியூஸ் எங்கே வைத்தார், சாவியை எடுத்தால் செட் நிற்கிறதா, ஸ்பீக்கர் ஒயர் இரும்பைத் தொடுகிறதா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இவை மூன்றும் சரியாக இருந்தால் சரக்கு ஏற்றிய வண்டி நடுநிசியிலும் தடையின்றிக் கிளம்பும். மழைச் செய்தியும் உரிய நேரத்தில் காதில் விழும்.