பட்டியல் இல்லாமல் ரிச்சி தெருவுக்குப் போகாதீர்கள்!

கம்ப்யூட்டருடன் வாங்கிய குட்டி ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டு அலுத்துவிட்டதா? எனக்கும் அப்படித்தான். வீட்டுப் பரணில் அப்பாவின் பழைய டேப் ரெக்கார்டர் செட்டின் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு கிடந்தன. "இதிலே கம்ப்யூட்டர் பாட்டு கேட்குமாடா?" என்றார் அப்பா. "கேட்க வைக்கிறேன்ப்பா" என்று சொல்லிவிட்டேன்.

கம்ப்யூட்டரின் பச்சை நிற ஜாக்கில் கிடைக்கும் சிக்னல் மிகச் சிறியது. பெரிய ஸ்பீக்கரை நேரடியாக இணைத்தால் முனகல்தான் கேட்கும். நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர் தேவை. டி.டி.ஏ.2030 என்ற ஐ.சி.யை வைத்து நாமே செய்யலாம் என்று சென்னை அண்ணா சாலை அருகிலுள்ள ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன். அங்கும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் ரெசிஸ்டர் முதல் லேப்டாப் வரை கிடைக்கும்.

என் கையில் பட்டியல் இல்லை. "டிரான்ஸ்பார்மர் 12-0-12 வேணுமா, 15-0-15 வேணுமா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். பெரிதாக இருந்தால் சத்தம் கூடும் என்று 15-0-15 வாங்கினேன்.

தவறு அங்கேதான். டிரான்ஸ்பார்மரில் எழுதியிருப்பது ஏ.சி. வோல்ட். டையோடும் கெபாசிட்டரும் அதை டி.சி. ஆக்கும்போது சுமார் 1.4 மடங்காகும். அதாவது 15 வோல்ட் 21 ஆகிவிடும். அந்த ஐ.சி. தாங்குவதோ பிளஸ், மைனஸ் 18 வோல்ட்தான். ஸ்விட்ச் போட்டதும் 'டப்' என்று சத்தம், கருகல் வாசனை. ஐ.சி.யோடு போகவில்லை. பழுதான ஐ.சி. வழியே டி.சி. பாய்ந்து ஒரு ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலும் கருகியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

மறுவாரம் மீண்டும் அதே தெரு. ஸ்பீக்கர் பழுது பார்ப்பவர் புதுக் காயில் போட்டுக் கொடுத்தார். இந்த முறை 12-0-12 வாங்கினேன். நான் கற்றவை இவை:

1. ஐ.சி.யின் டேட்டா ஷீட்டை இணையத்தில் இலவசமாக இறக்கி, அதிகபட்ச வோல்ட்டேஜைப் பாருங்கள். பட்டியலை எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.

2. ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் மல்டி மீட்டரில் சோதியுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 ஓம் காட்டும்.

3. விலை மிகவும் குறைவான ஐ.சி. போலியாக இருக்கலாம். நல்லதாக இரண்டு வாங்குங்கள்.

4. ஸ்பீக்கரை இணைக்கும் முன் ஆம்ப்ளிஃபயர் அவுட்புட்டில் டி.சி. வோல்ட்டை அளந்து பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் இருக்க வேண்டும்.

5. 230 வோல்ட் மின்சாரத்தில் பழக்கமில்லாதவர்கள் 5 வோல்ட்டில் இயங்கும் பி.ஏ.எம்.8403 போர்டில் தொடங்கலாம். இதில் இரண்டு ஸ்பீக்கர்களின் மைனஸ் வயர்களை ஒன்றாக இணைக்கக் கூடாது.

இப்போது இரண்டு ஸ்பீக்கர்களும் நன்றாகப் பாடுகின்றன. சாயங்காலமானால் பச்சை ஜாக்கில் வயரைச் செருகுவது அப்பாதான்.