செஞ்சி உளுந்து மூட்டை... விலையைத் தொடும் பர்மா கப்பல்!

செஞ்சிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்த்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை இடம்பிடித்தது ஊருக்குப் பெருமைதான். ஆனால், சுற்றுப்பட்டு விவசாயிகளுக்கு செஞ்சி என்றால் மார்க்கெட் கமிட்டிதான். நெல், மணிலா, உளுந்து என மூட்டைகள் வந்து இறங்கும். மறைமுக ஏலத்தில் வியாபாரிகள் விலை எழுதிப் போடுவார்கள்.

அதில் உளுந்துக்கு எழுதப்படும் விலையைச் செஞ்சி மட்டும் தீர்மானிப்பதில்லை. சென்னைத் துறைமுகத்தில் ‘பர்மா உளுந்து’ என்ன விலைக்கு இறங்குகிறது என்பதையும் வியாபாரிகள் கணக்கில் வைத்திருப்பார்கள்.

நம் வீட்டு இட்லி மாவுக்கு உள்ளூர் உளுந்து போதவில்லை. இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி மியான்மரில் விளைவது. (சமீபகாலமாக பிரேசிலும் அனுப்புகிறது!) 2017-ல் இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு வந்தது. 2021 மே மாதம் அது தளர்ந்தது. அடுத்த மாதமே, ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2.5 லட்சம் டன் உளுந்து வாங்க மியான்மருடன் இந்தியா ஒப்பந்தம் போட்டது.

மியான்மர் ‘ஆசியான்’ கூட்டமைப்பில் இருக்கிறது. இந்தியா இருப்பது ‘சார்க்’கில். இந்த இரண்டுக்கும் நடுவே பாலமாக 1997-ல் பாங்காக்கில் உருவானதுதான் ‘பிம்ஸ்டெக்’. சார்க் நாடுகளில் இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூட்டான். ஆசியான் நாடுகளில் மியான்மர், தாய்லாந்து என வங்கக் கடல் வட்டாரத்தின் ஏழு நாடுகள் இதில் உண்டு. சார்க் தலைவர்கள் கடைசியாகக் கூடியது 2014-ல், காத்மாண்டுவில். ஆசியானுடன் இந்தியாவின் சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2010 முதல் அமலில் இருக்கிறது. பிம்ஸ்டெக்கோ, சுதந்திர வர்த்தகத்துக்கு 2004-லேயே அடிப்படை ஒப்பந்தம் போட்டும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கடல்வழிப் போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தானதுதான் குறிப்பிடத்தக்க நகர்வு.

கடல் வணிகம் செஞ்சிக்குப் புதிதல்ல. 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, கடலூர் பக்கம் தேவனாம்பட்டினத்தில் டச்சு வணிகர்களுக்கு அனுமதி கொடுத்தவர்கள் செஞ்சி நாயக்கர்கள். சோழமண்டலக் கரையின் துணிகள் கப்பலேறிப் போய், கிழக்குத் தீவுகளில் மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றாகின.

அப்போது இங்கிருந்து போனது. இப்போது அங்கிருந்து வருகிறது. சிக்கல், அது வரும் நேரத்தில்தான். நெல் அறுத்த ஈரத்தில் தை மாதம் தெளிக்கும் உளுந்து, பங்குனி வாக்கில் களத்துக்கு வரும். மியான்மரிலும் நெல்லுக்குப் பிறகுதான் உளுந்து. அவர்களுடைய அறுவடை கொஞ்சம் முந்தி ஆரம்பித்துவிடும். இங்கே செடி காயும்போது அங்கே கப்பலில் மூட்டை ஏறிக்கொண்டிருக்கும்.

2025-26-க்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அரசு கொள்முதல் நடக்கும்போது அது கைகொடுக்கும். ஏலத்தில் வியாபாரி அந்த விலையைத்தான் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

இறக்குமதியை அடியோடு நிறுத்தினால் இட்லி விலை ஏறும். வாங்கிச் சாப்பிடும் கூலித் தொழிலாளிக்கு அது அடி. ஆனால், மாசி முதல் சித்திரை வரையாவது வரியைக் கூட்டி வைக்கலாமே? ஏழு நாட்டு அதிகாரிகள் கூடிப் பேசும் மேஜையில் அறுவடைக் காலண்டர் ஒன்றையும் வைத்தால், பங்குனியில் கமிட்டிக்கு மூட்டை ஏற்றிவரும் விவசாயிக்கு வண்டி வாடகை போகக் கையில் நாலு காசு மிஞ்சும்.