மொத்தமாக மாற்றினால் மீன் சாகும், மாற்றாவிட்டாலும் சாகும்

லே தித்தயா, புலத் ஹபயா என்று சிங்களத்தில் சொல்லப்படும் இரண்டு சிறு மீன்களும் உலகெங்கும் வீட்டுத் தொட்டிகளில் வளர்கின்றன. ஆனால் அவற்றின் பிறப்பிடம் களனி கங்கைக்கும் நில்வளா கங்கைக்கும் இடைப்பட்ட ஈரவலய ஓடைகள்தான். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களைச் சுற்றி ஓடும் தண்ணீரும் அதில் அடங்கும். ஓடையில் மீனின் கழிவு நின்ற இடத்தில் நிற்பதில்லை. கண்ணாடித் தொட்டியில் அந்த ஓட்டம் கிடையாது, வாளியைத் தூக்கும் கைதான் அதைச் செய்ய வேண்டும். அந்தக் கை வாரந்தோறும் கொஞ்சமாகச் செய்ய வேண்டியதை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, தீபாவளி வரும்போது ஒரே மூச்சில் செய்வதுதான் மீனைக் கொல்கிறது.

மீன் செவுள் வழியே அமோனியாவை வெளிவிடுகிறது. கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியிருக்கும் பக்டீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை எதற்கும் நிறமில்லை. ஆகவே பளிங்கு போல் தெளிந்திருக்கும் தண்ணீரும் கெட்டதாக இருக்கலாம். நம் பகுதிக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மழை மிகுந்த சப்ரகமுவவில் ஓடைத் தண்ணீரும் பீலித் தண்ணீரும் மென்னீர். அமிலத்தைத் தாங்கும் உப்புகள் அதில் மிகக் குறைவு. பக்டீரியாவின் வேலையே அமிலத்தை உண்டாக்குவதால், மாற்றாத தொட்டியில் பிஎச் அளவு 6க்கும் கீழே இறங்குகிறது. அப்போது பக்டீரியாக்கள் சோர்ந்துபோக, கழிவு அமோனியமாகத் தேங்குகிறது. அமில நீரில் அமோனியம் அவ்வளவாகக் கொல்லாது. ஆனால் பிஎச் ஒரு புள்ளி ஏறினால் நச்சான அமோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். மாதக்கணக்கில் விட்ட தொட்டியில் திடீரென்று பெருமளவு புதுத்தண்ணீர் ஊற்றும்போது நடப்பது இதுதான்.

'பழைய தண்ணீர்தான் மீனுக்கு ஒத்துக்கொள்ளும், மாற்றியதும் செத்துவிட்டது' என்று சொல்பவர்கள் கண்டது உண்மை. அதிலிருந்து அவர்கள் வந்த முடிவுதான் பிழை. புதுத்தண்ணீர் தேங்கிய கழிவை நஞ்சாக்கிவிட்டது. கழிவே தேங்காத தொட்டியில் அது நடக்காது. ஆவியாகிக் குறைந்த அளவை நிரப்பினால் போதும் என்பதும் சரியல்ல, ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். செடிகள் ஓரளவு உதவும், ஆனால் மீன் நிறைந்த தொட்டிக்கு அவை போதா. பீலித் தண்ணீர் சுத்தம்தானே என்று கேட்கலாம். அதில் குளோரின் இல்லை என்பது நல்லதே. ஆனால் மேலே தேயிலை மலையிலோ இறப்பர் காட்டிலோ களைநாசினி அடித்த நாட்களிலும், மழை கொட்டிக் கலங்கிய நாட்களிலும் அதைப் பிடிக்கக் கூடாது. நகரத்துக் குழாய் நீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும், அல்லது கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேர்க்க வேண்டும்.

வேலை பெரிதல்ல. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 50 லீற்றர் கொள்ளும். வாரத்துக்குக் கால் பங்கு என்றால் ஒரு வாளிக்குச் சற்றுக் கூடுதல். மெல்லிய ஹோஸால் அடிக்கல்லின் அழுக்கோடு உறிஞ்சி எடுத்து, அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரை மெதுவாக ஊற்றினால் போதும். பஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவாமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். பக்டீரியாக்கள் அதில்தான் இருக்கின்றன. நெடுநாள் விட்ட தொட்டியானால் நாளுக்குப் பத்தில் ஒரு பங்காகத் தொடங்குங்கள்.

எடுத்த தண்ணீரை மரக்கறிச் செடிக்கு ஊற்றுங்கள், ஓடையில் கொட்டாதீர்கள். வேண்டாத மீனையும் அங்கே விடாதீர்கள். பந்துல பெத்தியா என்ற மீனை அறிவியல் அறிந்ததே 1991இல்தான், அதுவும் கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடவின் ஒரு சிற்றோடையில். அழிவின் விளிம்பில் நிற்கும் அந்த மீனுக்கு நம் தொட்டியின் நோய் போய்ச் சேரக் கூடாது.