காவல் முடிந்த பின்னும் விழித்திருக்கும் மனம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பின்னரே பல வீடுகளில் துக்கம் முழுமையாக உறைக்கிறது. அதனோடு அச்சமும் வருகிறது. நள்ளிரவில் திடீர் விழிப்பு, நெஞ்சில் படபடப்பு, தொலைபேசி ஒலித்தாலே கை நடுக்கம், பிள்ளை பள்ளியிலிருந்து வரப் பத்து நிமிடம் தாமதமானால் பெருந்திகில். அழுகையை எதிர்பார்த்திருந்தோம், இந்தப் பயம் ஏன் வருகிறது என்று எங்களிடம் கேட்கும் குடும்பத்தினர் பலர். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

துக்கத்தின்போது அச்சம் தோன்றுவது இயல்பே. நம்மைத் தாங்கி நின்ற ஒருவர் மறையும்போது, வாழ்க்கை பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் ஆட்டங்காண்கிறது. உடல் அதனை ஆபத்தாகவே கொள்கிறது. அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது; வயிறு கலங்குகிறது; உறக்கம் கலைகிறது.

நோயாளியை நெடுநாள் பராமரித்தவர்களுக்கு மற்றொரு காரணமும் உண்டு. மூச்சின் ஒலி மாறினாலே எழுந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். மாத்திரை வேளைகளைக் கொண்டே நாளைக் கணக்கிட்டவர்கள். அந்தக் காவல் முடிந்துவிட்டது என்பதை அறிவு உணர்ந்திருந்தாலும், உடல் உணர்வதற்குக் காலம் தேவைப்படுகிறது. பழைய மருந்து வேளையில் விழிப்பு வந்தால் கலங்க வேண்டாம். பெரும்பாலோர்க்கு அது நாளடைவில் தணிந்துவிடும்.

படபடப்பு எழும்போது கால்களைத் தரையில் ஊன்றி அமருங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடுங்கள். சில நிமிடங்கள் இவ்வாறு செய்தால் துடிப்பு தணியத் தொடங்கும். பசி இல்லாவிடினும் வேளைக்குச் சிறிதளவு உண்ணுங்கள். மாலைக்குப் பின் காபியும் தேநீரும் வேண்டாம். காலை வெயிலில் சற்று நடங்கள். உதவ விரும்புவோரிடம், 'இரவு எட்டு மணிக்கு ஒருமுறை அழைத்துப் பேசுங்கள்' என்பது போலத் தெளிவாகக் கேளுங்கள்.

'இன்னும் முன்னரே அழைத்து வந்திருந்தால்' என்ற எண்ணம் பலரை வாட்டுகிறது. அதனை மனத்திலேயே சுமக்காமல், சிகிச்சையளித்த மருத்துவரிடம் நேரம் பெற்றுக் கேளுங்கள். நடந்ததைத் தெளிவாக அறிந்துகொள்வது சிலருக்குப் பெரும் ஆறுதலாக அமையும்.

இரண்டு எச்சரிக்கைகள். மறைந்தவருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரைகளையோ வலி மருந்துகளையோ நீங்கள் உட்கொள்ளாதீர்கள். எஞ்சியவற்றை என்ன செய்வது என்று மருந்தகத்தில் கேளுங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் துக்கத்தால் வந்தது என்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பேரிழப்பை அடுத்த நாட்களில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது.

ஆறு மாதங்களைக் கடந்தும் தணியாது அன்றாட வாழ்வை முடக்கும் துக்கத்தை, சிகிச்சை தேவைப்படும் ஒரு நிலையாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு குறிப்பிடுகிறது. ஆயினும் உதவி கேட்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரை அணுகுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அந்த நொடியே அருகில் உள்ளவரிடம் சொல்லுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். 2022இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அச்சம் தணிவதால் அன்பு குறைந்துவிடுமோ என்று சிலர் தயங்குகின்றனர். குறையாது. அவருக்காகப் பல இரவுகள் விழித்திருந்தீர்கள். இனி நீங்கள் நிம்மதியாக உறங்குவது அவரை மறப்பதாகாது.