பட்டிப்பளை ஆற்று அணையும் அதன் கணக்கும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கரையை நம் முன்னோர் படுவான்கரை என்றனர். வாவியிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றால் முதலில் வயல், பின்பு காடு, அதற்கும் அப்பால் ஊவா மலைத்தொடர். அம்மலைகளிற் பிறந்து கல்முனைக்குத் தெற்கே கடலிற் கலப்பது பட்டிப்பளை ஆறு. சிங்கள மொழியில் அதன் பெயர் கல்லோயா. இங்கினியாகலையில் மலைகளுக்கிடையே அவ்வாற்றை மறித்ததால் உண்டாயதே சேனநாயக்க சமுத்திரம்.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவரை அங்கு அழைத்துச் சென்றேன். "ஐயா, இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இது என்கிறீர்களே, மின்சாரமும் இதுவே மிகுதியாகத் தருமா?" என்று ஒருவன் வினவினான். அன்று வழியிற் சொன்ன விடை அரைகுறையானது. அதனை இங்கே நிரப்ப முயல்கின்றேன்.

மின்வலு நீரின் அளவை மட்டும் பொறுத்ததன்று. நீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகின்றது என்பதையும் பொறுத்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளின் வலுவை ஆராய்ந்து கட்டுரை வாசித்தார். அவர் கனவு 1950 இல் லக்சபானவில் நனவாயிற்று. அங்கே நீரைத் தேக்கும் குளம் மிகச் சிறியது; வீழ்ச்சியோ ஆயிரம் அடிக்கு மேற்பட்டது. முதற் கட்டத்திலேயே 25 மெகாவாற்று கிடைத்தது. சேனநாயக்க சமுத்திரமோ 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளக்கூடியது. எனினும் அதன் மின்நிலையத்தின் முழுவலு 11.25 மெகாவாற்றே. அணையின் உயரம் ஏறத்தாழ 140 அடி; நீர் விழும் உயரம் அதனினும் குறைவு.

மற்றொரு காரணமும் உண்டு. இங்கே நீரின் தலைவன் உழவன். வயலுக்கு நீர் விடும்போதுதான் சுழலிகள் நன்கு சுழலும். அறுவடைக் காலத்தில் மதகை மூடினால் அவையும் ஓயும். விளக்கெரிக்கவென்று நீரைத் திறந்துவிட்டால் அடுத்த போகத்துக்கு இராது. இரு பயனையும் ஒரே நீரிற் கருதும் எத்திட்டத்திலும் இவ்விழுபறி உண்டு.

இனி, பலரும் கருதாத ஒரு கணக்கு. அணைக்கு மேலுள்ள நீரேந்து பரப்பு ஏறத்தாழ 384 சதுர மைல், அஃதாவது 245,760 ஏக்கர். கொள்ளளவை இதனால் வகுத்தால் மூன்றடிக்குச் சற்று மேல், ஏறக்குறைய 38 அங்குலம் வரும். குளம் ஒருமுறை நிறைய வேண்டுமானால், அப்பரப்பு முழுவதிலும் பெய்யும் மழையில், மண் குடித்ததும் வெயில் உண்டதும் போக, 38 அங்குல நீர் ஓடிவந்து சேரவேண்டும். அதற்கிடையே வயலுக்கும் நீர் விடவேண்டும். வடகீழ்ப் பருவமழையையே பெரிதும் நம்பிய நாட்டில் இது எளிதோ? குளம் நிரம்பி வான்பாய்ந்த ஆண்டுகள் சிலவே. அடர்காட்டிலே நெடுங்கால மழைப்பதிவும் ஆற்றுநீர்ப் பதிவும் கிடைத்தல் அரிது. அவையின்றித் திட்டமிடுவோர் நம்பிக்கையையே கூட்டி எழுதிவிடுகின்றனர்.

திட்டத்தின் வேகம் வியப்புக்குரியது. அமெரிக்காவின் தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையை (1933) முன்மாதிரியாகக் கொண்டு 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. ஹூவர் அணையைக் கட்டிய கூட்டில் இடம்பெற்ற மொறிசன் நூட்சன் நிறுவனத்தார் பாரிய இயந்திரங்களுடன் காட்டினுட் புகுந்தனர்.

அக்காடு வெறுங்காடு என்றே எழுதப்பட்டது. அது வெறுங்காடன்று. செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட நூலில் ஹெனெபெத்தை வேடரைப் பற்றி விரிவாகக் காணலாம். அவ்வனத்து வேடர் சிலர் தேனும் வேட்டையும் விட்டு வெளியேற நேர்ந்தது. ஆற்றின் கீழ்ப்புறத்திலோ அம்பாறை, கொண்டவட்டுவான், இறக்காமம் முதலிய பழைய குளங்களின் கீழ் வட்டைகள் இருந்தன. அங்கு தமிழரும் முஸ்லிம்களும் முன்மாரி விதைத்தனர். புதிய குடியேற்றங்களுக்குப் பெரும்பாலும் வெளிமாவட்டச் சிங்களக் குடும்பங்களே வந்தன. 1956 ஜூனில் அப்பகுதியில் தமிழர் மீது வன்முறை மூண்டு உயிர்கள் பறிபோயின. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நீரளவையேட்டில் இவற்றுக்கு நிரல் இருக்கவில்லை.

முப்பது ஆண்டில் இடதுகரை வாய்க்கால்கள் சிதைந்தன. தலைப்பில் நீர் வீணாயிற்று, கடைமடை காய்ந்தது. தலைப்பிற் சிங்கள விவசாயிகளும் கடைப்பகுதியிற் தமிழ் விவசாயிகளும் இருந்தமையால் இது வெறும் நீர்ப்பிரச்சினை மட்டுமன்று. 1980-களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி நிறுவனமும் கோணெல் பல்கலைக்கழகமும் இளைஞரை ஊர்களுக்கு அனுப்பி விவசாயிகளைச் சிறு குழுக்களாகக் கூட்டின. 1981 இற் குளத்தில் கால்பங்கு நீரே இருந்தது. ஆயினும் விவசாயிகள் வாய்க்காலைத் தாமே துப்புரவாக்கினர். முறைவைத்து நீரைப் பகிர்ந்தனர். தலைப்பில் இருந்தோர் தம் பங்கிலும் குறைத்துக் கீழே விட்டனர். நார்மன் அப்ஹொஃப் இதனைப் பின்னர் நூலாக எழுதினார்.

அம்மாணவன் இப்போது பொறியியல் கற்கின்றான். சென்ற விடுமுறையில் வந்தபோது 38 அங்குலக் கணக்கைத் தானே போட்டுக் காட்டினான். "நீராவியாகப் போவதைச் சேர்த்தாயோ?" என்று கேட்டேன். தாளை வாங்கிக்கொண்டு மீண்டும் உட்கார்ந்தான்.